இரண்டெழுத்துச் சொல்லுக்குப் பூர்வீகம் பார்ப்பது எப்படி?

ரஷ்ய மொழியில் 'தா' என்றால் ஆமாம். ருமேனிய மொழியிலும் ஆமாம்தான். இத்தாலியனில் அதே 'தா' நம் 'இலிருந்து', 'ஆல்' செய்கிற வேலையைச் செய்யும். ஜெர்மனில் 'டா' என்றால் அங்கே. ருமேனிய மொழியில் இன்னொரு 'தா' உண்டு, அது கொடுப்பதைக் குறிக்கும். ரோமன் எழுத்தில் எழுதினால் ஐந்துமே ஒரே இரண்டு எழுத்துதான். ஆனால் இவற்றில் உறவுள்ள ஜோடி ஒன்றே ஒன்று: ருமேனியர்களின் 'ஆமாம்', ரஷ்யன் சேர்ந்த ஸ்லாவியக் குடும்பத்து அண்டை மொழிகளிடமிருந்து வாங்கியது. மற்ற மூன்றும் தனித்தனி வழியில் வந்தவை. இத்தாலிய 'தா', 'தே' என்ற லத்தீன் சொல்லோடு இன்னொரு முன்னிடைச் சொல் ஒட்டிப் பிறந்தது. ருமேனியனின் 'கொடு', லத்தீன் 'தாரே'. ஜெர்மன் 'டா'வின் பழைய வடிவம் 'தார்'. ஆங்கில 'தேர்' அதன் உடன்பிறப்பு.

பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு நீளமான சொற்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஏழெட்டு ஒலியுள்ள சொல் இரண்டு மொழிகளில் ஒத்துப்போனால் பெரும்பாலும் ஏதாவது காரணம் இருக்கும். இரண்டு ஒலியுள்ள சொல்லுக்குத் தற்செயலே போதும். 'தா', 'நா', 'சி', 'ஓ' போன்ற எளிய கூட்டுகளைப் பயன்படுத்தாத ஐரோப்பிய மொழி இல்லை. அதனால் குட்டிச் சொற்களில் 'கேட்டால் ஒன்றுபோல் இருக்கிறது' என்பதை ஆதாரமாக எடுக்கவே கூடாது. அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன், வாசிக்க வசதியாக இருக்கும் என்பதால். நீங்கள் நோட்டில் குறிக்கும்போது மூல எழுத்துக்கூட்டலிலேயே குறியுங்கள். காரணம் பின்னால் புரியும்: ஐரோப்பிய மொழி உறவுகளைக் காட்டிக்கொடுப்பது பி, பிஎச், எஃப் ஒலிகளுக்கு நடுவே, கே, ஜி, எச் ஒலிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான். நம் எழுத்து அந்த வித்தியாசங்களில் பலவற்றை ஒரே ப, ஒரே க என்று மூடிவிடும்.

வேலையின் முதல் படி, சொல்லின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைப் பிடிப்பது. இன்றைய வடிவத்தை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 'ஓ'. பிரெஞ்சில் தண்ணீருக்கு 'ஓ'. எழுதுவது மூன்று உயிரெழுத்து, உச்சரிப்பது ஒன்றே ஒன்று. ஸ்வீடிஷில் ஓடைக்கும் சிற்றாற்றுக்கும் 'ஓ', எழுதுவது தலையில் குட்டி வட்டம் வைத்த ஒரே ஒரு 'ஏ'. பொருளும் நெருக்கம், ஒலியும் ஒன்று. உறவா?

பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் பிரெஞ்சு 'ஓ' பழைய பிரெஞ்சில் 'எவே', 'எயவே' என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. அதற்குப் பின்னால் லத்தீன் 'அக்வா'. நடுவில் இருந்த மெய் கரைந்து, மிஞ்சிய உயிர்கள் கூடி, கடைசியில் 'ஓ'வில் வந்து நின்றது. கரைவதற்கு முந்தைய வடிவம் பிரெஞ்சு சமையலறையில் இன்னும் இருக்கிறது: பாத்திரம் கழுவும் தொட்டிக்கு 'எவியே' என்பார்கள். ஸ்வீடிஷ் 'ஓ'வுக்குப் பின்னால் ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸின் நெடில் 'ஆ'. அதற்கும் முன்னால் இதே ஜெர்மானியக் குடும்பத்தின் கோதிக் மொழியில் 'அஹ்வா'. நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா செய்த பைபிள் மொழிபெயர்ப்பில் யோர்தான் ஆற்றைச் சொல்ல இந்தச் சொல்தான் வருகிறது. 'அக்வா', 'அஹ்வா' இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு நடுவில் உள்ள ஒரே மெய்யில். லத்தீனில் கே ஒலி இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் எச் வருவது விதி. ஆக உறவு உண்மை. ஆனால் இன்று இரண்டும் 'ஓ' என்று ஒலிப்பது அந்த உறவால் அல்ல. ஒன்று மெய்யைத் தொலைத்து உயிர்களைக் கூட்டி வந்தது. மற்றது எச்சைத் தொலைத்து 'ஆ'வாகி, பிறகு ஸ்வீடிஷில் நெடில் 'ஆ' எல்லாம் 'ஓ'வாக மாறியபோது கூடவே மாறியது. இன்றைய ஒலி ஒற்றுமையை வைத்து உறவு என்று சொன்னவர் விடையைச் சரியாகச் சொல்லியிருப்பார், காரணத்தைத் தவறாக. அடுத்த சொல்லில் அதே வழி அவரைக் கவிழ்க்கும்.

அந்த வட்டம் வைத்த எழுத்தே இந்த மாற்றத்தின் சாட்சி: 'ஏ' மேல் உட்கார்ந்திருப்பது ஒரு குட்டி 'ஓ'. ஸ்வீடனில் 1526இல் அச்சான புதிய ஏற்பாட்டிலேயே இது இருக்கிறது. டென்மார்க்கில் 1948 எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் இரட்டை 'ஏ'க்குப் பதிலாக வந்தது.

ஊர்ப் பெயர்களில் இந்த 'ஓ' நிறைய. ஸ்வீடனின் வடக்கே ஊமெயோ, லூலெயோ எல்லாம் ஆற்றங்கரை நகரங்கள், கடைசி எழுத்து ஆறுதான். இங்கேயும் பழைய வடிவம் பார்க்காமல் போனால் மாட்டிக்கொள்வோம். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரப் பெயரில் 'ஹூஸ்' இருப்பதால் வீடு என்று எடுத்துக்கொள்வார்கள். பழைய ஐஸ்லாந்து எழுத்துகளில் அது 'ஆரோஸ்', அதாவது ஆற்று முகத்துவாரம். 'ஹூஸ்' பிற்காலத்தில் பழக்கமான சொல்லின் சாயலில் நுழைந்தது. ஸ்வீடனின் வெஸ்தரோஸ், 'மேற்கு ஆரோஸ்' என்பதன் சுருக்கம். ஸ்வீடிஷில் தீவுக்கு இரு புள்ளி வைத்த 'ஓ', அதுவும் ஒற்றை எழுத்து. ஓலாண்ட் தீவின் பெயரில் அது இருக்கிறது. ஆனால் மால்மோ நகரின் கடைசி எழுத்தும் அதேதான் என்று தீவாக்கிவிடாதீர்கள். அதன் பழைய பெயர் மணல் மேடுகளைக் குறித்தது.

தீவு என்ற சொல்லுக்குள்ளேயே இன்னொரு பாடம் உண்டு. ஸ்வீடிஷ் தீவுச் சொல்லும் நீர்ச் சொல்லின் வழித்தோன்றல்தான், 'நீர் சார்ந்தது' என்ற பொருளில் பிறந்தது. ஆங்கில 'ஐலண்ட்' அதன் உறவு, பழைய ஆங்கிலத்தில் 'ஈயெலாண்ட்' போல ஒலித்தது, அதில் எஸ் கிடையாது. தீவுக்கே உள்ள இன்னோர் ஆங்கிலச் சொல்லான 'ஐல்' பிரெஞ்சு வழியாக லத்தீன் 'இன்சுலா'விலிருந்து வந்தது. இரண்டும் ஒன்று என்று நினைத்தவர்கள் அந்த எஸ்ஸை இங்கேயும் சொருகிவிட்டார்கள். எழுத்துக்கூட்டலும் பொய் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று ஆங்கிலத்தில் எனக்குத் தெரியாது.

இரண்டாம் படி, ஒலி விதி. 1822இல் ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் ஒழுங்குபடுத்திய விதிதான் அடிப்படை. அவருக்கு முன்பே 1818இல் டேனிஷ் அறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் இதைக் கண்டிருந்தார். லத்தீனின் பி ஆங்கிலத்தில் எஃப்: 'பிஸ்கிஸ்' மீன், 'ஃபிஷ்'. 'பாதெர்' தந்தை, 'ஃபாதர்'. லத்தீனின் கே ஆங்கிலத்தில் எச்: 'கோர்னு' கொம்பு, 'ஹார்ன்'. 'கெந்தும்' நூறு, 'ஹண்ட்ரட்'. லத்தீனின் டி (d) ஒலி ஆங்கிலத்தில் வல்லின ட் (t): 'துவோ', 'டூ'. 'தெகெம்', 'டென்'. குறைந்தது மூன்று ஜோடிகள் வரிசையாகப் பொருந்தாமல் ஒரு விதியை நான் பயன்படுத்துவதில்லை. ஒரு ஜோடி எங்கும் கிடைக்கும்.

இந்த விதி தெரிந்தவர்களுக்குத்தான் 'ஹபேரே' ஆச்சரியம் தரும். லத்தீன் 'ஹபேரே' என்றால் வைத்திருப்பது. ஜெர்மன் 'ஹாபன்', ஆங்கில 'ஹேவ்' இரண்டுக்கும் அதே பொருள், ஏறக்குறைய அதே ஒலி. ஆனால் உறவில்லை. ஜெர்மானிய எச்சுக்கு லத்தீனில் கே இருக்க வேண்டும் என்பதுதானே விதி? தேடினால் 'கபேரே', பிடிப்பது, அகப்படுகிறது. 'ஹாபன்' சேரும் இடம் அதுதான். லத்தீன் எச்சுக்கு ஜெர்மானிய மொழிகளில் ஜி வரவேண்டும். லத்தீன் 'ஹோஸ்டிஸ்' அந்நியர், பகைவர். ஆங்கில 'கெஸ்ட்' விருந்தாளி. இரண்டும் ஒரே சொல். அதே கணக்கில் 'ஹபேரே'வின் உடன்பிறப்பு ஜெர்மன் 'கேபன்', கொடுப்பது. இப்போது தமிழ் எழுத்தில் பாருங்கள்: 'கபேரே', 'கேபன்' இரண்டும் ககரத்தில் தொடங்கி உறவுபோல் நிற்கின்றன. மூலத்தில் ஒன்று கே ஒலி தரும் சி, மற்றது ஜி. மேலே சொன்ன எச்சரிக்கை இதற்குத்தான்.

மெய் மட்டும் பொருந்தினால் போதாது, உயிரும் பொருந்த வேண்டும். லத்தீன் 'காசா' வீடு, ஜெர்மன் 'ஹவுஸ்' வீடு. கே, எச் கணக்கு சரியாக வருகிறது. உயிர் ஒட்டவில்லை, அதனால் அகராதிகள் இந்த உறவை ஏற்பதில்லை. ஆனால் இந்த இரண்டு வீடுகளும் பிறகு ஒரே வேலைக்குப் போயின. 'இன்னாரிடத்தில்' என்று சொல்லப் பிரெஞ்சில் 'ஷே', அது 'காசா'வின் தேய்ந்த வடிவம். அதே பொருளுக்கு ஸ்வீடிஷில் 'ஹோஸ்', அது 'ஹூஸ்' என்ற வீட்டின் தேய்ந்த வடிவம். முழுச் சொல் இலக்கணச் சொல்லாகத் தேய்வதற்குப் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் மெய்யே 1912இல் ஒரு பெயரே வைத்தார். தமிழில் 'கொண்டு', 'விட' போன்றவை வினையாக இருந்து உருபாக மாறியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

மூன்றாம் படிக்கு வருகிறேன். எனக்கு இதுதான் இருப்பதிலேயே சுவையான பகுதி. குட்டிச் சொல் எப்போதும் குட்டியாகவே இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பல நேரம் அது ஒரு வாக்கியமாக இருந்திருக்கும்.

லத்தீனில் ஆமாம் என்பதற்கென்று ஒரே சொல் கிடையாது. 'வருவாயா?' என்றால் 'வருவேன்' என்று வினையைத் திருப்பிச் சொல்வார்கள், நாமும் அப்படித்தானே. அல்லது 'சீக்', 'அப்படியே' என்பார்கள். அல்லது 'ஹோக்', 'இது' என்பார்கள். லத்தீன் உடைந்து மொழிகளானபோது ஒவ்வோர் ஊரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. 'சீக்' இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 'சீ' ஆனது, போர்ச்சுகலில் மூக்கொலி சேர்ந்து 'சிம்'. தெற்குப் பிரான்சில் 'ஹோக்' தேய்ந்து 'ஓக்'. வடக்குப் பிரான்சில் அந்த 'ஹோக்' உடன் பிரதிப்பெயரையும் சேர்த்தார்கள்: 'இதை நான்', 'இதை நீ', 'இதை அவன்'. பழைய பிரெஞ்சில் 'ஓ ஜெ' என்று 'நான்' சேர்ந்த வடிவமும் இருந்தது. கடைசியில் ஜெயித்தது 'அவன்': 'ஹோக் இல்லே'. அது 'ஓயில்' ஆகி, இன்றைய 'வீ' ஆனது. ஆக பிரெஞ்சுக்காரர் சொல்லும் ஆமாமுக்குள் இருப்பது 'இதை அவன் (செய்தான்)'. 'இல்லே' என்பது நம் காதுக்கு மறுப்பாகக் கேட்கும். தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதும்.

எழுத்துச் சான்றும் உண்டு. பிரெஞ்சின் மிகப் பழைய ஆவணமான 842ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்க் உறுதிமொழிகளில் 'ஹோக்' ஏற்கெனவே 'ஓ' என்று தேய்ந்து நிற்கிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தே பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனில் எழுதிய மொழி நூலில் இந்த மொழிகளை 'ஓக்', 'ஓயில்', 'சீ' என்று ஆமாமை வைத்தே பிரித்தார். 'லாங்க்தோக்' என்ற பிரதேசப் பெயர், ஓக் மொழி என்பதுதான்.

'சீக்' ருமேனியாவில் என்ன ஆனது? அங்கே அது 'ஷி', பொருள் 'உம்', 'மற்றும்'. பொருளை மட்டும் தேடியவர் 'ஆமாம்' வரிசையில் இதைத் தேடிக் காணாமல் திரும்புவார். ஒரு லத்தீன் சொல் ஒரு மொழியில் ஆமாமாகவும் அடுத்ததில் இணைப்புச் சொல்லாகவும் போகலாம். பிரெஞ்சு 'சி' இன்னும் சிக்கல். அது எழுத்தில் ஒன்று, வரலாற்றில் இரண்டு: 'ஆனால்', 'என்றால்' என்ற நிபந்தனைப் பொருளில் வருவது லத்தீன் 'சீ', 'அவ்வளவு' என்றும் மறுப்பை மறுத்து ஆமாம் என்றும் வருவது 'சீக்'. ஸ்பானிஷில் மேலே ஒரு கோடு போட்டு இரண்டையும் பிரிக்கிறார்கள்.

இன்றைக்கு என்ற சொல்லும் ஒரு தொடர்தான். லத்தீன் 'ஹோக் தியே', இந்த நாளில், ஒட்டி 'ஹோதியே' ஆனது. ஸ்பானிஷ் 'ஓய்', இத்தாலிய 'ஓஜ்ஜி' அதன் பிள்ளைகள். பிரெஞ்சில் அது 'வி' என்று ஒற்றை அசைக்குச் சுருங்கிப்போனதால் தனியாக நிற்கத் தெம்பில்லாமல் 'ஓஜூர்த்வி' என்று, 'இன்றைய நாளில்' என்று, முட்டுக் கொடுக்கப்பட்டது. ஜெர்மன் 'ஹாய்ட்ட'வும் 'இந்த நாளில்' என்ற இரு சொல்லின் கூட்டு, ஆனால் அது ஜெர்மானியச் சரக்கு, லத்தீனிலிருந்து வாங்கியதல்ல.

மறுப்புச் சொற்கள் இதே பாதையில் வேகமாகப் போனவை. பிரெஞ்சு 'பா' முதலில் காலடி: 'ஓர் அடிகூடப் போகவில்லை'. தண்ணீர்த் துளி, ரொட்டித் துணுக்கு எல்லாம் அந்த வேலைக்கு வந்தன, நிலைத்தது காலடி. 'ரியன்' என்றால் ஒன்றுமில்லை, மூலம் லத்தீனின் 'பொருள்'. ஸ்பானிஷ் 'நாதா', 'பிறந்தது' என்பதிலிருந்து. ஜெர்மன் 'நிஷ்ட்', ஆங்கில 'நாட்' இரண்டுக்குள்ளும் 'ஒரு பொருளும் இல்லை' என்ற தொடர் புதைந்திருக்கிறது. மறுப்பு தேய, துணைக்கு ஒரு சொல் வர, துணையே மறுப்பாக மாறும் இந்தச் சுழற்சியை டேனிஷ் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917இல் விரிவாக எழுதினார்.

தமிழ் வாசகர்களுக்கென்று ஒரு பத்தி. ஆங்கில 'எய்ட்', நம் 'எட்டு'. 'ஒன்', நம் 'ஒன்று'. லத்தீனில் 'கொடு' என்று ஏவ 'தா', நமக்கும் 'தா'. இவை அடிக்கடி கண்ணில் படும், படும்போது சந்தோஷமாகவும் இருக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் வீட்டுக்குள் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். ஆங்கில 'எய்ட்' பழைய ஆங்கிலத்தில் 'யாஹ்தா', ஜெர்மனில் 'ஆக்ட்', லத்தீனில் 'ஓக்தோ'. நடுவில் கே, எச் ஒலி வலுவாக இருக்கிறது. நம் எட்டின் பழைய உரு 'எண்', அது எண்பதிலும் எண்ணூறிலும் இருக்கிறது. கன்னடத்தில் 'எண்டு'. பின்னால் போகப் போக இரண்டும் விலகுகின்றன. 'ஒன்' என்பதில் உள்ள வகர ஒலி புதுசு. பழைய வடிவம் 'ஆன்'. 'ஒன்லி', 'அலோன்' இரண்டிலும் வகரமில்லாத பழைய ஒலி தங்கிவிட்டது. லத்தீனில் இன்னும் முன்னால் போனால் ரோமானிய ஸ்கிப்பியோ குடும்பக் கல்வெட்டில் 'ஓய்னோ'. உண்மையான உறவு பின்னால் போகப் போக நெருங்கும், தற்செயல் விலகும். 'தா'வுக்கும் இதே சோதனைதான்: நம் 'தா' தரு, தார் என்று ரகரத்தோடு கிளைக்கிறது, லத்தீனுக்குக் கிரேக்கத்திலும் ரஷ்யனிலும் சமஸ்கிருதத்திலும் தனிச் சொந்தங்கள் இருக்கின்றன.

எண்பதும் 'ஒன்லி'யும் காட்டுவது ஒரு பொதுவான உத்தி. தனியாக நிற்கும் சொல் தேயும், கூட்டுக்குள் இருப்பது தேயாமல் தங்கும். ஜெர்மன் 'டா'வின் தொலைந்த ஆர், 'டாரான்', 'டாரவுஃப்' என்று உயிருக்கு முன்னால் திரும்பி வருகிறது. இத்தாலியனில் 'எ' என்ற இணைப்புச் சொல் உயிருக்கு முன்னால் 'எத்' ஆகும், லத்தீன் 'எத்' அங்கே எட்டிப் பார்க்கிறது. அதனால் அகராதியைத் திறக்கும் முன் அந்தச் சொல் உயிருக்கு முன்னால் எப்படி மாறுகிறது, எந்தக் கூட்டில் வருகிறது என்று ஒரு பக்கம் எழுதிக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும்.

கடன் வாங்கியதா என்பதைக் கடைசியில் பாருங்கள். இலக்கணச் சொற்களை மொழிகள் சுலபத்தில் கடன் வாங்குவதில்லை என்பது பொதுவாக உண்மை. ஆனாலும் ஆங்கிலத்தின் 'தே' என்ற 'அவர்கள்' வைக்கிங் குடியேற்றக்காரர்களின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. கடன் என்று சொல்ல மூன்று வேண்டும்: இரு மக்களும் ஒரே இடத்தில் பழகியிருக்க வேண்டும், காலம் ஒத்துவர வேண்டும், வாங்கிய மொழியில் அதற்கு முந்தைய சொந்தச் சொல் வேறாக இருந்திருக்க வேண்டும்.

அகராதி விஷயம். பிரெஞ்சுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிஎல்எஃப்ஐ என்ற அகராதி, பதிவின் கடைசியில் சொல் வரலாறு இருக்கும். ஜெர்மனுக்கு டிடபிள்யூடிஎஸ் தளம், அதில் ஃபைஃபரின் சொற்பிறப்பு அகராதி ஒவ்வொரு பதிவோடும் வரும். ஸ்வீடிஷுக்கு ஸ்வீடிஷ் அகாதமியின் பேரகராதி, 1898இல் முதல் தொகுதி வந்து 2023இல் முடிந்தது, பதிவின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குள் பூர்வீகம் இருக்கும். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வடிவம் எந்த எழுத்திலும் கிடைக்கவில்லை, அறிஞர்கள் ஊகித்துக் கட்டியது. குறியை விட்டுவிட்டு நோட்டில் எடுத்து எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை, ஊகம் சான்றாகிவிடும். கோணக் குறியின் திறந்த பக்கம் பழைய வடிவத்தைப் பார்த்திருக்கும், கூர்முனை புதியதைக் காட்டும். 'முதல் பதிவு' என்று போட்டிருக்கும் ஆண்டு, சொல் பிறந்த ஆண்டு அல்ல, கையில் கிடைத்த மிகப் பழைய எழுத்தின் ஆண்டு. பேச்சில் அது நூறு வருடம் முன்பே இருந்திருக்கலாம்.

அகராதி 'பூர்வீகம் தெரியவில்லை' என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். நாய்க்கான ஆங்கில 'டாக்' பழைய ஆங்கிலத்தில் 'டோகா' என்று கிடைக்கிறது, அதற்கு முன்னால் தடம் இல்லை. ஜெர்மன் 'டோக', பிரெஞ்சு 'டோக்' இரண்டும் ஆங்கிலத்திலிருந்து போனவை, அதனால் அவை சாட்சியாகாது. ஸ்பானிஷ் 'பெர்ரோ'வுக்கும் முடிவான விடை இல்லை. என் நோட்டில் இந்த இரண்டு பக்கங்களிலும் பழைய வடிவம், காலம், பார்த்த அகராதி மூன்றும் இருக்கும். பூர்வீகம் என்ற கட்டம் காலியாக இருக்கும்.